குசினியில் இருந்த மண்சட்டி

அன்பின் யூலிற்றாவுக்கு,

மாதா காவலில் நான் சுகம். உன் முழங்கால் நோவு குறைந்ததா?

உன் வீட்டுக்காரன் நான் இங்கே டோகாவில் ஒரு கூத்து ஆடிவிட்டேன். சமையல்காரன் சஜீவன் கடைக்குப் போன நேரம், முதலாளியம்மாவின் குசினியில் ஒரு புது மண்சட்டியைக் கண்டேன். நீ புதுச்சட்டி பழக்குவதுபோல அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, மீன்குழம்பும் வைத்துவிட்டேன். அந்தச் சட்டி கண்காட்சியில் வைக்க முதலாளியம்மா தன் கையால் வனைந்து சுட்டதாம். எவ்வளவு தேய்த்தும் மீன்மணம் போகவில்லை.

பேச்சு வாங்கியது சஜீவன். தோட்டக்காரன் நான் வாயே திறக்கவில்லை. மத்தியானம் அவனே எனக்குச் சோறு போட்டு, "குழம்பு நல்லாத்தான் இருந்தது அண்ணை, சாப்பிடுங்கோ" என்றான். தட்டை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இப்போதே அவாவிடம் சொல்லப் போகிறேன். மகளுக்கு இதை வாசித்துக் காட்டாதே. நான் கேட்ட கருவாட்டை அனுப்பாமல் வை, வேலை போய் நானே வந்தாலும் வருவேன்.

அவசரத்தில்,
யாகப்பு