கப்பலில் ஒரே பெஞ்சு

சின்னசேலம்
4-6-2024

மதிப்புக்குரிய இருசப்பன் அண்ணனுக்கு ஆனந்தமேரி எழுதுவது. நானும் மகன் டென்னிசும் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஈஸ்டருக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டீர்கள். கறிக்குழம்பை இரண்டு நாள் சுடவைத்துச் சாப்பிட்டோம்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். டென்னிஸ் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்கிறான். மெட்ராசில் படித்து சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டான். வேலை பார்க்கிற மண்டியில் லீவு போட்டுவிட்டுப் போனதெல்லாம் அதற்குத்தானாம். அவன் அப்பா போய் இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. குடித்துவிட்டு ஓரத்தில் நின்று கடலில் விழுந்தார் என்று கம்பெனிக் காகிதம் வந்தது. கர்த்தர் மன்னிக்கட்டும், அந்த மனுஷனை இன்னமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். பிள்ளையையும் அங்கே அனுப்ப எனக்குத் தெம்பு இல்லை.

நான் சொன்னால் கேட்கமாட்டான். அப்பாவோடு ஒரே கப்பலில் இருந்தவர் என்று உங்கள் பேச்சைக் கேட்பான். எனக்கும் ஒன்று விளங்கவில்லை அண்ணா. அவர் லீவில் வந்தால் இரண்டு மாசமும் எதையோ தொலைத்தவர் மாதிரியே உட்கார்ந்திருப்பார். பெண்டாட்டி, பிள்ளை, சுடுசோறு எல்லாம் இருக்கும்போது கரைக்கு வந்த கப்பல்காரர்கள் அப்படி எதைத்தான் தேடுகிறீர்கள்? கேட்டால் சிரிப்பார். அங்கே தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்று பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

அன்புத் தங்கை
ஆனந்தமேரி


கல்மேடு, சங்கராபுரம் வழி
13-6-2024

தங்கச்சி ஆனந்தமேரிக்கு இருசப்பன் சொல்லி எழுதுவது. நீயும் பிள்ளையும் நன்றாக இருக்கணும். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். தபால்காரப் பகலவன் எழுதுகிறான். முட்டி அப்படியேதான் இருக்கிறது. மலைப்பக்கம் மழை இறங்குகிறது, இங்கே தூறல் கூட இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். கப்பல்காரன் கடலைத் தேடுகிறான் என்று ஊரில் நினைக்கிறார்கள். கடலை எவன் பார்த்தான்? விடிந்தால் சுத்தியலும் சுரண்டியும்தான். துருவைத் தட்டி பெயிண்ட் அடித்துக்கொண்டே அந்த முனைக்குப் போவதற்குள் இந்த முனையில் மறுபடி துரு பிடித்திருக்கும். எனக்கு முதலில் மிஷின் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. பெண்டாட்டி உயிரோடு இருந்தபோது, ரைஸ்மில் சத்தம் கேட்கிற பக்கமாய்ப் பாயைப் போட்டுக் கொடுப்பாள். கோவாக்காரச் சமையல்காரன் போடும் ரொட்டியைக் கொஞ்ச நாள் தேடினேன். அதெல்லாம் ஒரு வருஷத்தில் மறந்தது.

மறக்காதது அந்தப் பெஞ்சு. பத்து மணி டீக்கு மணி அடித்தால் முதலில் வந்தவன் உட்காருவான். நான் பெரிய தெரு, உன் வீட்டுக்காரன் தைரியநாதன் காலனி. கப்பலில் அது எவனுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான், எனக்கே மறந்துவிட்டது. பிலிப்பைன்ஸ்காரன் ஒருத்தன் தான் கடித்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து தைரியநாதனிடம் நீட்டுவான். இவன் வாங்கி, அதிலே பாதியை எனக்குக் கொடுப்பான்.

தொண்ணூற்றாறு தை மாசம் இரண்டு பேரும் ஒன்றாக ஊருக்கு வந்தோம். பம்பாயிலிருந்து ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தவர்கள். ஊர் டீக்கடையில் எனக்குக் கண்ணாடி டம்ளர் கொடுத்தார்கள். அவனுக்குக் கூரையில் சொருகி வைத்திருந்த அலுமினிய டம்ளரை எடுத்துக் கொடுத்தார்கள். அவன் நின்றுகொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கப்பலு எப்ப அண்ணே கெளம்புது?" என்று கேட்டுச் சிரித்தான். "குடிடா, ஆறிடும்" என்றேன். கடைக்காரனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்து குடித்தேன்.

லீவில் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து தேடினது அந்தப் பெஞ்சைத்தான். "அவருக்கு சரி, பெரிய தெருக்காரர் உனக்கு இன்னாத்துக்கு தாத்தா அந்த பெஞ்சு?" என்று பகலவன் கேட்கிறான். அங்கே நான் ஒழுங்கான மனுஷனாக இருந்தேன். இங்கே வந்தால் இருக்க முடியவில்லை.

டென்னிசைப் போகச் சொல்லவில்லை. போகாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இருசப்பன் (கைநாட்டு)


சின்னசேலம்
24-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பிள்ளையை இந்தப் பக்கம் இழுங்கள் என்றால் அந்தப் பக்கம் தள்ளிவிட்டீர்கள். கடிதத்தை மூன்று தடவை படித்தான். "மண்டியில எனக்கு மட்டும் பேப்பர் கப்பு, தெரியுமா உனக்கு?" என்றான். எனக்குத் தெரியாது. இத்தனை நாள் சொன்னதில்லை. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி கப்பல் ஏறுகிறான். முதல் வேலை தொட்டி கழுவுகிறதாம்.

நேற்று அவனை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, "குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. உங்கப்பன் மாதிரி குடிச்சிட்டு சாவாத" என்றேன். சத்தியம் செய்தான். பிறகு, "என் அப்பா அவ்ளோதானாம்மா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் எந்த இடத்தில் எப்படித் தவறினார் என்றாவது எழுதுங்கள். பிள்ளை அந்த மாதிரி இடத்தில் நிற்காமல் இருப்பான்.

ஆனந்தமேரி


கல்மேடு
2-7-2024

தங்கச்சி ஆனந்தமேரிக்கு,

தைரியநாதன் கடலில் விழவில்லை. குடிக்கவும் இல்லை. கப்பலில் இருந்த பதினொரு வருஷத்தில் அவன் பாட்டிலைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

பகலவன் பேனாவை வைத்துவிட்டான். "எழுதித்தான் ஆவணுமா தாத்தா?" என்கிறான். எழுது என்றேன்.

கப்பல் சாயாமல் இருக்க அடியில் தொட்டிகள் உண்டு, கடல் தண்ணீரை உள்ளே விடுவார்கள். அன்றைக்கு அதில் ஒன்றைக் காயவைத்து, நானும் அவனும் உள்ளே துரு தட்டினோம். உள்ளே இறங்குகிறவன் தன் பேர் போட்ட தகட்டைத் தொட்டி வாயில் இருக்கும் பலகையில் மாட்டணும். ஏறி வந்ததும் அவனே கழற்றணும். பலகையில் தகடு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். இரண்டு பேரும் அதைச் சரியாகச் செய்ததில்லை. முதலில் ஏறுகிறவன் இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு டீக்கு இடம் பிடிக்க ஓடுவான். பின்னால் வருகிறவன் கேட்டு வாங்கிக்கொள்வான்.

பத்து மணிக்கு நான் ஏறினேன். அவன் பாதி ஏணியில் நின்று, "சுத்தி ஒண்ண உள்ள வுட்டுட்டேன். நீ போய்க்கினே இரு அண்ணே, பின்னாலயே வரேன்" என்றான். இரண்டு தகட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். நாளைக்குத் துறைமுகம், கயிறு எடுத்து வைக்க வா என்று டீ குடிக்கிறபோதே என்னை முன்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கு மேஸ்திரியான தலைக்கலாசி பலகையைப் பார்த்தான். தகடு இல்லை. தொட்டியை மூடி முடுக்கிவிட்டு, தண்ணீர் விடச் சொல்லிவிட்டான்.

மத்தியானம் அவன் தட்டு அப்படியே இருந்தது. பையில் கையை விட்டேன். இரண்டு தகடு இருந்தது.

தண்ணீரை இறைத்து எடுக்கச் சாயங்காலம் ஆனது. ஏணியின் மேல்படியில் கையைக் கோர்த்துக்கொண்டு கிடந்தான். மறுநாள் துறைமுகத்துக்குள் போவதற்கு முன்பே தார்ப்பாயில் சுற்றி, இரும்பு கட்டிக் கடலில் விட்டோம்.

தொட்டியில் செத்தான் என்று எழுதினால் முதலில் ஜெயிலுக்குப் போவது நீதான் என்றான் கேப்டன். குடிப்பானா என்று கேட்டான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எழுதி நீட்டினான், கைநாட்டு வைத்தேன். பயத்தில் வைத்தேன் என்று சொல்லலாம். இன்னொன்றும் இருக்கிறது. காலனிக்காரன் குடித்துவிட்டு விழுந்தான் என்றால் எங்கள் தெருவில் எவனும் மறுகேள்வி கேட்கமாட்டான் என்று எனக்கு அப்போதே தெரியும். அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்தான் நான்.

டென்னிசிடம் சொல். அவன் தகட்டை அவனே மாட்டணும், அவனே கழற்றணும்.

இருசப்பன் (கைநாட்டு)


சின்னசேலம்
15-7-2024

இருசப்பன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நான் படித்தேன். டென்னிசும் படித்தான்.

நீங்கள் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட நாளெல்லாம் உங்கள் முன்னால்தான் அவரைத் திட்டினேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவீர்கள். அண்ணன் வருத்தப்படுகிறார் என்று இன்னொரு கரண்டி ஊற்றுவேன்.

அந்த ஊரை விட்டு நான் ஏன் வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றால், "குடிச்சி செத்தவன் பொண்டாட்டி வந்துட்டா, வழிய வுடுங்க" என்பார்கள். நானும் அதை நம்பினேன். சாமியார் பூசை வைத்த அன்று பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி கூட முழுசாக எரிந்ததில்லை.

டென்னிஸ் போகிறான். இனி நான் தடுக்கவில்லை.

என்னிடம் சொன்னது போதாது. உங்கள் ஊர் பால் சொசைட்டி முன்னால் பெரிய தெரு சனம் நிற்கும்போது சொல்லுங்கள். அவர் பேரைச் சொல்லி, உங்கள் பேரையும் சொல்லுங்கள். சொன்னதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதோடு சரி. அதற்கு மேல் எழுத வேண்டாம், வரவும் வேண்டாம்.

தை. ஆனந்தமேரி


கல்மேடு
21-7-2024

ஆனந்தமேரிக்கு,

இன்று காலை ஆறரை மணிக்குச் சொன்னேன். பால் ஊற்ற வந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். சொன்னது இதுதான்:

"காலனி தைரியநாதன் குடிச்சிட்டு வுழல. அவன் குடிக்கிறவனே இல்ல. அவன் தொட்டிக்குள்ள இருக்கும்போது தகட்ட எடுத்தவன் நான். தண்ணிய வுட்டு மூடிட்டாங்க. குடிகாரன்னு பொய்யா கைநாட்டு வெச்சவனும் நான்தான், இருசப்பன்."

சொசைட்டி ராஜாங்கம், "யோவ் பெரிசு, காலங்காத்தால இன்னா இது? செத்தவன் செத்துட்டான், பால அளக்க வுடு" என்றான். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டு பேர் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பால் ஊற்ற வந்த ஆண்டாள் மட்டும், "அப்ப அந்தப் பொண்ண நாம சொன்னதெல்லாம்?" என்றாள். என் மகன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான். "மானத்த வாங்காத, வூட்டுக்கு வா" என்றான். முடித்துவிட்டுத்தான் போனேன்.

ஒரு வரி போதும் என்றாய், நீண்டுவிட்டது. பதில் வேண்டாம்.

சாயங்காலப் பாலுக்கு வருவது வேறு ஆட்கள். நாலு மணிக்குப் போய் நிற்கணும்.

இருசப்பன் (கைநாட்டு)