மலைக்குள் கை தட்டக் கூடாது

1962 ஜூன் 12, செவ்வாய்

மழை விடவில்லை. துணி காயவில்லை. ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்களாம். சுரங்கத்தை மூடியாயிற்று, இனி வெளியூர்க்காரர்கள் வந்தால்தான் நமக்குச் சோறு. கரி வண்டிகள் நின்ற முகப்புக் குகையை ஆட்ட மேடையாக்கப் போகிறார்கள். கோடையில் ஊரே வெந்தாலும் மலைக்குள் குளுகுளுவென்று இருக்கும், அதுதான் வியாபாரம். ஆடப் போவது யாரென்றால் நாங்கள்தான், கரியிலிருந்து கல் பொறுக்கிய பெண்கள். ஸ்பெயின் நாட்டு ஆட்டமாம். அடுத்த வீட்டு கிக்குனோ என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். இவரிடம் எப்படிச் சொல்வேன்?

ஜூன் 14

சொல்லிவிட்டேன். எங்கே என்று மட்டும் கேட்டார். மலைக்குள் என்றேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

ஜூன் 30

ஆட்டம் சொல்லித்தர ஒசாகாவிலிருந்து ஷிராய் டீச்சர் வந்துவிட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் பெரியது. பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில் நாள் முழுக்கக் குதிகாலால் தரையை இடித்தோம். இந்த ஆட்டத்தில் பாதி காலில், பாதி கையில். தட்டிக்கொண்டே ஆட வேண்டும். கிக்குனோ தட்டினால் கொக்கு பறக்கும். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன், எத்தனை மாதம் கழித்து!

கம்பெனி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி ஃபுகுவோகாவின் சுற்றுலா நிறுவனத்தார் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் பேருந்து அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் அந்த மாதக் கடைசியில் கம்பெனி வீடுகளைக் காலி செய்ய வேண்டும். இவருடைய அத்தான் ஒசாகாவில் ஒரு இரும்பு ஆலையில் சொல்லி வைத்திருக்கிறார். நாற்பத்தாறு வயதில் எடுபிடி வேலை. இவர் அங்கே ஒரு வருஷம் தாங்க மாட்டார். எனக்குத் தெரியும்.

ஜூலை 17, செவ்வாய்

இன்றுதான் முதன்முதலாகக் குகைக்குள் ஒத்திகை. விளக்கு, மேடை எல்லாம் அழகாகத்தான் இருந்தது. டீச்சர் இசைத்தட்டை வைத்தாள். கால்கள் ஆடின. தட்ட வேண்டிய இடம் வந்தது — ஒருத்தி கையும் சேரவில்லை. எல்லார் கையும் மயிரிழை இடைவெளியில் நின்றுவிட்டது. மறுபடி வைத்தாள். மறுபடியும் அப்படியே. கேலி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அழுதபடியே வெளியே ஓடிவிட்டாள்.

ஜூலை 18

டீச்சரைத் தேடிப் போய்ச் சொன்னேன். மலைக்குள் யாரும் கை தட்டுவதில்லை, சீட்டியும் அடிப்பதில்லை. கூரை இடியுமுன் மெதுவாக முனகும். அந்தச் சத்தத்தை அமுக்குகிற எந்தச் சத்தமும் கூடாது. பால் குடிக்கும்போதே கேட்டு வளர்ந்தது இது. இவருடைய தம்பி இசாமு கூரை இடிந்து போனது அப்படித்தான். அன்று உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்களாம், கூரை இடியாமல் மர முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்த இவருக்கே அந்த முனகல் கேட்கவில்லை.

டீச்சர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “இத முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாக்கா?” என்றாள். எங்களுக்கே கை நின்ற பிறகுதானே தெரிந்தது.

ஜூலை 20

இன்று கண்ணை மூடிக்கொண்டு தட்டினோம். கண்ணைத் திறந்தால் எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டு ஆடுகிறோமாம், கோழி மழைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கிறதாம். சொன்னது டீச்சர். ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நான் தட்டி ஏதாவது ஆகிவிட்டால்?

ஜூலை 25

விடியுமுன் இவர் படுக்கையில் இல்லை. நேற்றும் இல்லை. திரும்பி வரும்போது முழங்கால் வரை மண். கேட்டால் காலைக் கழுவப் போய்விடுகிறார். மேடையைப் பிரித்துப் போடப் போகிறாரோ? கிக்குனோ, “உன் வீட்டுக்காரர் வெடி வெச்சாலும் வெப்பார்டி” என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

ஜூலை 27

பிரிக்கவில்லை. மேடை நடுவே மரத் தூண்கள் நட்டு வைத்திருக்கிறார்! ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். டீச்சர் கத்தின கத்தலில் மலையே இடிந்திருக்கும். இவர் அசையவில்லை. “அந்த எடத்துல கூரைச் சத்தம் எனக்குப் பிடிக்கல. தூணை எடுத்தா இவளை ஆட அனுப்ப மாட்டேன்.”

தூண்களைச் சுற்றி ஆட வேண்டியதாகிவிட்டது. ஆட்டம் முழுவதையும் மாற்றுகிறாள் பாவம்.

ஆகஸ்ட் 4

நாளைக்கு. அம்மா, தாயே, ஏதாவது ஒரு சாமி.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

எழுதிவிட்டால்தான் தூங்க முடியும்.

முன்வரிசையில் ஃபுகுவோகாக்காரர்கள், கோட்டும் டையுமாக. பின்னால் ஊர் முழுக்க. காலால் மட்டும் ஆடுகிற முதல் ஆட்டம் தப்பில்லாமல் முடிந்தது. முன்வரிசை கை தட்டியது. அந்தச் சத்தத்துக்கு எங்கள் ஆண்கள் அத்தனை பேரும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். எங்களை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லார் கையும் முழங்கால் மேல். கோட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர்கள் கையும் நின்றது. சொந்த ஊர்க்காரனே தட்டாத ஆட்டம் என்று தோன்றியிருக்கும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு. எல்லாம் போச்சு. ஒசாகாதான்.

இரண்டாவது ஆட்டம் தட்டலில்தான் தொடங்க வேண்டும், அதுவும் என் தட்டலில். கையைத் தூக்கினேன். சேர மாட்டேன் என்கிறது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

கடைசி வரிசையிலிருந்து இவர் எழுந்தார். கையில் கூரை தட்டிப் பார்க்கிற நீளக் கழி. நேரே மேடை ஏறி, சிவப்புப் பாவாடைகளுக்கு நடுவே, ஒரு ஓரத்திலிருந்து மேலே தட்டிக்கொண்டே வந்தார். ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பார். ஒரு எட்டு. இன்னொரு தட்டு. அவசரமே இல்லை. டீச்சர் தடுப்பாள் என்று பார்த்தேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஊரே அவரோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. மறு ஓரம் வரை போய், என்னிடம் திரும்பி வந்தார்.

“நல்லாருக்கு. தட்டு.”

என் கை வரவில்லை. கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரே தட்டினார். பிறந்ததிலிருந்து மலைக்குள் தட்டாத கை. ஒன்றும் விழவில்லை. இன்னொரு தரம் தட்டினார். அதற்குப் பிறகு நான், கிக்குனோ, பின்வரிசை, ஊர் — அப்பா! அப்படி ஒரு சத்தத்தை அந்த மலை கேட்டதே இல்லை.

என்ன ஆடினேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 6

பேருந்து விடுகிறார்கள். அந்தக் கழி ஆட்டத்தைப் பழக்க எத்தனை மாதம் ஆனது என்று டீச்சரிடம் கேட்டார்களாம். தொகுஜி அண்ணன் கொஞ்சம் கஷ்டமான ஆள்தான் என்று சொன்னாளாம்.

அக்டோபர் 21, ஞாயிறு

வெளியே குளிர் வந்துவிட்டது, மலைக்குள் இதமாக இருக்கிறது. இன்றும் கூட்டத்துக்குக் குறைவில்லை. இவருக்குக் காய்ச்சல். கஞ்சி குடித்துவிட்டுக் கழியோடு வருகிறேன் என்று சொல்லி என்னை முன்னால் அனுப்பினார். நேரமாகியும் வரவில்லை. வந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கம்பெனி ஆள் திரைக்குப் பின்னால் ஓடிவந்து, ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று குதித்தான். நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. டீச்சரிடம் போய்க் கத்தினான்.

“தொகுஜி அண்ணன் இன்னும் வரலையே” என்று சொல்லிவிட்டு, டீச்சரும் எங்களோடு கீழே உட்கார்ந்துகொண்டாள்.