இரண்டாம் குரல்

ஜனவரி 11, சனி

டயனா வந்திருந்தாள். தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் பாட்டுக்குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள். லண்டனின் மறுகோடியில், வெம்பிளியில் தனியாக இருக்கிறாள். சனிக்கிழமைகளில் ரயில் மாறி பிளேஸ்டோவுக்கு வருவது என்னைப் பார்க்கத்தான். வந்தது என்று எழுதவேண்டும். இப்போது நேரே என் மகள் அனோஜினியின் அறைக்குப் போய்விடுகிறாள்.

எல்லாம் ஜப்பான் பாட்டால் வந்தது. அனோஜினி பதின்மூன்று வயதிலிருந்து அதைக் கேட்கிறாள். டயனா ஒசாகாவில் இரண்டு வருடம் வேலை செய்தவள். அவள் வரி வரியாகப் பொருள் சொல்ல, இவள் பாட, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் தேத்தண்ணியைக் கதவடியில் வைத்துவிட்டு வருகிறேன்.

சாப்பாட்டு மேசையில் அனோஜினி சொன்னாள்: "இளமைக்கு ஜப்பான்காரரின்ர சொல் என்ன தெரியுமா அம்மா? நீல வசந்தம். டயனா அன்ரி சொன்னவ."

டயனா அன்ரி சொன்னவ. எந்தக் கதையும் இப்போது இதில்தான் முடிகிறது.

ஜனவரி 13, திங்கள்

இன்றைக்கு ஜப்பானில் இருபது வயதானவர்களுக்கு விழாவாம். கிமோனோ கட்டிய பெண்பிள்ளைகளைப் போனில் காட்டினாள். அவளாக வந்து காட்டியதில் எனக்குச் சந்தோசம். "நீ பெரியபிள்ளையானதுக்கு உனக்கும் சாமத்தியவீடு செய்தனாங்கள்தானே, இதைவிட வடிவாய்" என்றேன்.

போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். நான் என்ன பிழையாகச் சொன்னேன்?

ஜனவரி 25, சனி

ஒட்டுக்கேட்கப் போகவில்லை. உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன், சுவர் மெல்லியது.

டயனாவுக்குச் சொல்கிறாள்: சாமத்தியவீட்டன்று வீடியோக்காரன் இப்படிப் பார், அப்படிச் சிரி என்று சொல்லச் சொல்ல ஏலாமல் போய், மண்டபத்துக் கழிவறையில் பூட்டிக்கொண்டு அழுதாளாம். "இந்தப் பாட்டுகளில வாற பிள்ளையள் தாங்களே முடிவெடுத்து எங்கையோ போகினம், அன்ரி. அதுதான் பெரிசாகிறது. என்னைக் கதிரையில இருத்திவைச்சு ஊரே பார்த்தது."

நாலு வருசமா அந்தப் போட்டோ அல்பத்தைப் பார்த்துப் பார்த்து, பிள்ளை சிரிக்கிறாள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். எனக்கு ஏன் சொல்லேல்லை? பெத்தவள் நான். டயனாவுக்கு என்ன, பிள்ளையா குட்டியா —

வேண்டாம். அதை எழுதக்கூடாது.

பொறாமை. அந்தச் சொல்லையாவது எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 30, வியாழன்

வேலைக்கு, முதியோர் கெயார் ஹோமுக்குப் போகும் பஸ்சில் நானும் ஒரு ஜப்பான் பாட்டைத் தேடிப் போட்டுக் கேட்டேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒரு பெண்பிள்ளை ஓடிப்போய் மூச்சு வாங்கியபடி பாடுவது போல இருந்தது. ஸ்ட்ராட்போர்ட் தாண்டியதும் கண் கலங்கிவிட்டது.

அனோஜினியின் வயதில் நான், சண்டையில் இடம்பெயர்ந்து, மடுக் கோயில் வளவில் தறப்பாள் கூடாரத்தில் இருந்துகொண்டு, தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றேன். என்னுடைய பதினேழுக்கு ஒரு பாட்டும் இல்லை. அதில் என்ன நிறம் இருந்தது என்று யாரும் கேட்கவும் இல்லை.

எனக்கு எரிச்சல் டயனாவிலா, அனோஜினியிலா?

பெப்ரவரி 2, ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது டயனா சொல்கிறாள்: "சாந்தியக்கா, எடின்பரோவில குளிர் கூட. பிள்ளைக்கு நல்ல கோட் ஒண்டு இப்பவே பாத்து வையுங்கோ."

"என்ன எடின்பரோ?"

அவளின் முகம் மாறிவிட்டது. அனோஜினி அங்கேயுள்ள பல்கலைக்கழகத்துக்குத்தான் முதலாவதாக விண்ணப்பித்திருக்கிறாள். ஜப்பான் மொழி படிக்க. எங்களுக்குச் சொன்னது இங்கே லண்டனில், கிங்ஸ் குரொஸ் பக்கம், கணக்கியல்.

"அவ உங்களுக்குச் சொல்லிட்டா எண்டு நினைச்சன், அக்கா."

"இனிமேல் எங்கட வீட்டை வராதையும், டயனா." அவ்வளவுதான் சொன்னேன். சத்தம் போடவில்லை. பக்கத்தில் நின்ற இவர், அனோஜினியின் அப்பா, தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெப்ரவரி 8, சனி

யாரும் வரவில்லை. வீட்டில் பாட்டும் இல்லை. இதைத்தானே கேட்டேன்.

பெப்ரவரி 19, புதன்

கடைசியில் கேட்டுவிட்டேன். "என்னட்டைச் சொல்லாமல் ஏன் அவவிட்டை முதல்ல சொன்னனி?"

அனோஜினி கோபப்படவில்லை. கோப்பை கழுவிக்கொண்டே சொன்னாள்: "அவ அழமாட்டா, அம்மா."

நான் அழுதுகொண்டுதான் நின்றேன்.

மார்ச் 15, சனி

அக்டனில், அனோஜினி போகும் ஜப்பான் மொழி வகுப்பு நடத்திய வசந்த விழா. எங்களை அவள் கூப்பிடவில்லை. "போவம், பிறகு பாப்பம்" என்று இவர்தான் கோட்டைப் போட்டார்.

மண்டபத்துக்கு வெளியே, நடையில் தனியாக இருந்தாள். எங்களைக் கண்டு திடுக்கிட்டாள், போகச் சொல்லவில்லை. அவள் பாடவிருந்தது இரண்டு குரல் பாட்டு. பள்ளிக்கூடம் முடிகிற நாளில் இரண்டு சிநேகிதிகள். ஒருத்தி ஊரை விட்டுப் போகிறாள், மற்றவள் நிற்கிறாள். நிற்பவளின் குரல் டயனாவுடையது. நான் வராதே என்றதிலிருந்து டயனா இவளுடைய மெசேஜுக்கும் பதில் போடவில்லையாம். அம்மாவோடு கதைத்துச் சரிப்படுத்திவிட்டு வா என்று ஒன்று மட்டும் போட்டிருக்கிறாள்.

"தனியப் பாட ஏலாதோ?" என்றேன்.

"ஏலும். அரைவாசிப் பாட்டுத்தான் இருக்கும்."

வெளியே போய் போன் எடுத்தேன்.

"டயனா, அக்டனுக்கு வாரும். பிள்ளை பாட நிக்கிறாள்."

"நீங்கள்தானே அக்கா வரவேண்டாமெண்டு —"

"ஓம், சொன்னனான். இப்ப வாரும் எண்டுறன்."

ஆசிரியையிடம் கெஞ்சி அனோஜினியைக் கடைசியில் போடச் சொன்னோம். டயனா டாக்ஸியில் ஈரத்தலையோடு வந்து இறங்கினாள். நேரே மேடைக்குப் போனாள்.

டயனாவின் குரல் கீழே தாங்கிப் பிடிக்க, அனோஜினியின் குரல் அதன்மேல் ஏறி நின்றது. என் பிள்ளை இப்படிப் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. கேக்கக் கேக்க நெஞ்சு எரிஞ்சுது. அந்த இடத்தில நான் நிண்டிருக்கவேணும், எனக்கு ஏலாது, அந்தப் பாசையும் இல்லை, அந்த வயசும் இல்லை. எரிய எரியக் கை தட்டினன்.

இறங்கி வந்து முதலில் டயனாவைத்தான் கட்டிப்பிடித்தாள். பிறகு என்னை. காதுக்குள் சொன்னாள்: "நீங்கள்தான் கூப்பிட்டதாம். டயனா அன்ரி சொன்னவ."

மார்ச் 16, ஞாயிறு

சாமத்தியவீட்டுக் கதை எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொன்னேன். சுவரால் கேட்டதையும் சொன்னேன். மன்னிச்சுக்கொள் என்றேன். போனை என் பக்கம் திருப்பி, எடின்பரோ வீடுகளின் வாடகையைக் காட்டினாள்.

ஒக்டோபர் 11, சனி

டயனா வந்தாள். அனோஜினி எடின்பரோவுக்குப் போய் ஒரு மாதமாகிறது. புட்டும் மீன் குழம்பும் வைத்தேன். அனோஜினிக்குத் தடிமன், மூக்கடைப்பு என்று டயனா சொன்னாள். "தெரியும்" என்றேன். எனக்குத் தெரியாது.

சாப்பிட்டு முடித்து, இருவரும் அவரவர் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறேதோ கதைத்துக்கொண்டிருந்தோம். அடித்தது டயனாவின் போன். அவள் எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"எடும், டயனா. பிள்ளை காத்துக்கொண்டு நிப்பாள்."

எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசைக்கு நடுவில் வைத்தாள்.