தலைகீழ் ஏலம்

பிப்ரவரி 11, 1934. ஞாயிறு

ஜானகிராமன் ஏலக்கடையின் பிரதானக் குரலும், தென்னிந்தியாவின் இடியுமான ராஜாங்கமாகிய நான் இன்று முதல் பேராசிரியரும் ஆனேன். உலகம் இதற்குத் தயாராக இல்லை.

மாணவிகள் என் தங்கை அந்தோணிமேரியின் பெண்கள். ஸ்டெல்லாமேரிக்குப் பதினைந்து, சகாயசெல்விக்குப் பதின்மூன்று. போன வருஷம் விஷக்காய்ச்சலில் இருவரும் மாதக்கணக்கில் கிடந்ததில் பள்ளிக்கூடத்தில் பேரை எடுத்துவிட்டார்கள். வீட்டிலேயே படித்து ஜூனில் பிரெஞ்சு சர்க்காரின் செர்த்திபிகா பரீட்சை எழுதலாமாம். தேறினால் மேல்படிப்பு. தவறினால் லேஸ் பின்னும் கூடம். மச்சான் அமலநாதன் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர், வார்த்தையை வீணாக்க மாட்டார்.

“பாடப் புஸ்தகமெல்லாம் எதுக்கு மச்சான்? ஒரே ஒரு கதை. பூமி சாஸ்திரம், கணக்கு, சுகாதாரம் எல்லாம் அதுக்குள்ளயே உக்காந்திருக்கு” என்றேன்.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரை வீட்டுச் சாமான்களில் யாரும் கேட்காமல் கிடந்த பிரெஞ்சு நாவல். ஒரு கலங்கரை விளக்கைக் கல் கல்லாகக் கப்பலில் ஏற்றி, நடுக்கடல் பாறையில் நிறுத்தப் போகிறார்கள்.

“நீ முழுசா படிச்சிட்டியா?” என்று கேட்டார் மச்சான்.

“மனப்பாடம்.”

பதினோராம் பக்கத்தில் இருக்கிறேன்.

மார்ச் 4

அமோகம்! கப்பல் போகும் வழியெல்லாம் பூமி சாஸ்திரம். மாலுமிகளின் ரொட்டிப் பங்கில் பின்னக் கணக்கு. ஈறு வீங்கிச் சாகிறவனிடம் சுகாதாரம். விளக்கின் கண்ணாடியில் பௌதிகம். தினமும் அரைப் பக்கம் சொல்வதெழுதுதல்.

நான் பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் விரிக்கிறேன். மூன்று கால் நாற்காலியைக் கவர்னர் சாய்ந்த சிம்மாசனமாக்கி விற்கும் வாய் இது. புத்தகத்தில் வெறுமனே ‘பெரிய அலை’ என்று இருந்தால் பொறுக்குமா? கடற்கரையில் ஏறி உப்பளம் தாண்டி ஓடி, திரும்பி வர மூன்று நாள் எடுக்கும் அலையாக்கினேன். சகாயம் வாயை மூடவே இல்லை.

மார்ச் 19

சூசையப்பர் திருநாள். எல்லாரும் வீட்டில். சாப்பாட்டில் மச்சான் சும்மாதான் கேட்டார்.

“சகாயம், நம்ம பீச்சுல இருக்கே விளக்கு, எத்தினி தூரம் தெரியும்?”

“கொழும்பு வரைக்கும்பா.”

சிரித்தார். “சரி. சீமைலேர்ந்து கப்பல் இங்க வர எத்தினி நாளாவும்?”

“ஏழு மாசம்” என்றாள் ஸ்டெல்லா. “நடுவுல செங்கடல் உறைஞ்சிடும். யானைய வுட்டு ஒடைப்பாங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. “யாரு சொன்னது?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெருமையோடு பார்த்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

மச்சான் பாதியில் கை கழுவினார். “எம் பொண்ணுங்க நாற்காலி இல்ல மச்சான்.”

மார்ச் 20

எது புத்தகம், எது என் வாய்? காலையிலிருந்து பிரித்துப் பார்க்கிறேன். செங்கடல் உறைந்தது யாரால்? என்னால்தான். கப்பல் சமையல்காரனின் குரங்கு? புத்தகத்தில் குரங்கே இல்லை. அது தின்ற ரொட்டியை வைத்து ஒரு வாரம் கணக்குப் போட்டோமே!

இன்னா செஞ்சி தொலைச்சேன் நானு? பரீட்சை வருது. ஐயோ, வருதே.

மார்ச் 22

பெண்கள் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஸ்டெல்லா அழவில்லை. அழுதிருக்கலாம்.

“மாமா, நீ ஏலம் கூவறப்ப வாங்க வர்றவங்க இன்னா செய்வாங்க?”

“தட்டிப் பாப்பாங்க. கவுத்துப் பாப்பாங்க. பாதி வெலைக்குக் கேப்பாங்க.”

“அப்ப நீ கூவு. நாங்க கீழ எறக்கிக் கேக்குறோம்.”

அவள் வைத்த சட்டம்: கடைசியாக இறக்குகிறவர் ஆதாரம் காட்ட வேண்டும். புத்தகமோ, தேசப்படமோ, கண்ணால் பார்த்த ஆளோ. மச்சான் தூரத்திலிருந்து கேட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜூன் வரைக்கும் உயிர்ப்பிச்சை.

ஏப்ரல் 15

“விளக்கு கொழும்பு வரைக்கும்! ஒருதரம்!” என்று கூவினேன்.

“கடலூர்!” ஸ்டெல்லா.

“பிள்ளைச்சாவடி!” சகாயம்.

ஆதாரம் தேடிக் குருசுக்குப்பம் போனோம். கட்டுமரத்தில் வலை உதறிக்கொண்டிருந்த சின்னக்கண்ணு, “பதினஞ்சு மைலுக்கு அந்தாண்ட ஒண்ணும் தெரியாது. கொழும்புன்னு எவன் சொன்னான்?” என்றார்.

“எங்க மாமா.”

“குடிச்சிருந்தாரா?”

சகாயம் பதினைந்து மைல் என்று எழுதிக்கொண்டாள். திரும்பும் வழியில் மட்டும், “ஆனா கொழும்புதான் மாமா நல்லாருக்கு” என்றாள்.

மே 27

ராத்திரியெல்லாம் குரங்கு கனவில் வந்து ரொட்டி கேட்கிறது. சேசுவே, இந்த ஒரு தடவை.

ஜூன் 12

எழுத்துப் பரீட்சை முன்பே முடிந்தது. இன்று வாய்மொழி. ஸ்டெல்லா சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். சகாயம் என்னைத் தாண்டி நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். “ஜன்னல் வழியா விளக்கக் காட்டி, எத்தினி தூரம் தெரியும்னு பரீட்ச வச்சவரு கேட்டாரு, மாமா. பதினஞ்சு மைலுன்னு எனக்குத் தெரியும். பயத்துல மொதல்ல வாய்ல வந்தது கொழும்பு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் ஒண்ணுமே வரல.”

அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் உட்கார்ந்து சோறு தின்றிருப்பேன்.

ஜூன் 30

தேறினவர் பலகையில் ஸ்டெல்லாமேரி பேர் இருக்கிறது. பலகையை மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். இன்னொரு பேர் இல்லை.

“அடுத்த வருசம் சகாயத்த நான்—”

“போதும் மச்சான்.”

மச்சான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்த தொழில் அது. திங்கட்கிழமை முதல் சகாயம் லேஸ் கூடத்துக்குப் போகிறாள்.

ஜூலை 19

ஏலத்தில் ஒரு மேஜை. “ஒரு கால் ஆடுது!” என்று கூவினேன். காய்ச்சலா என்று கேட்டார் ஜானகிராமன்.

ஆகஸ்ட் 5. ஞாயிறு

சகாயத்துக்கு இன்று விடுமுறை. ஊசியையே பார்த்துக் கண் சிவந்திருக்கிறது. புத்தகத்தில் கடைசி அத்தியாயம் பாக்கி என்று ஸ்டெல்லா கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

உள்ளதை உள்ளபடி வாசித்தேன். பாறையில் கல் நின்றது. விளக்கை ஏற்றினார்கள். எரிந்தது. கதை முடிந்தது.

சகாயம் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். “எவ்ளோ தூரம் தெரிஞ்சுது மாமா? ஏத்திச் சொல்லு.”

வாயைத் திறந்தேன். தென்னிந்தியாவின் இடிக்கு ஒரு சத்தமும் வரவில்லை.

ஸ்டெல்லா என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினாள். “கொழும்பு வரைக்கும்” என்றாள்.

“அவ்ளோதானா?” என்றாள் சகாயம்.