அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரே கட்டம்

மார்ச் 4, திங்கள்
மகள் எங்கள் ஆவணக் காப்பக ஆபீசிலேயே கேட்லாக் பிரிவில் சேர்ந்து இன்றோடு ஒரு மாதம். நான் பழைய அகழாய்வு நோட்டுகளை மைக்ரோபிலிமில் படமெடுக்கிறேன். அவள் அந்தச் சுருளைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுகிறாள். பத்தாம் வகுப்பை ஆசை ஆசையாக இரண்டு தடவை படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வீட்டில் அவள் சுண்டெலி, ஆபீசில் மேடம். இன்று வாய் தவறி, “மேடம், சாப்பிட வாங்க” என்று வீட்டிலேயே சொல்லிவிட்டேன்.

“என்னை ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருக்கீங்களா?” என்றாள் மனைவி.

மார்ச் 5, செவ்வாய்
ஒன்பது நோட்டு, 612 பக்கம், ஒரே நாளில் முடித்தேன். காலமான அகழாய்வாளர் ஒருவர் கைப்பட எழுதியவை. எந்தக் குழியில் எவ்வளவு ஆழத்தில் என்ன கிடைத்தது என்பதற்கு வேறு ஆதாரமே கிடையாது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவர் மகன் வந்து வாங்கிக்கொள்வார். மறுநாள் குடும்பத்தோடு வெளிநாடு போகிறார், நோட்டுகளும் கூடவே போகும். நமக்கென்ன கவலை. கெட்டிக்காரன் நான்.

மார்ச் 6, புதன்
கெட்டிக்காரன்.

சுருள் கழுவி வந்தது. ஒரே ஒரு கட்டம் கரிக்கட்டை மாதிரி. மீதியெல்லாம் வெறும் பிலிம். நுனியைச் சரியாகச் செருகவில்லை — பிலிம் நகரவே இல்லை. 612 பக்கத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே இடத்தில் எடுத்திருக்கிறேன். கேமராவின் எண்காட்டி மட்டும் சமர்த்தாக ஓடியிருக்கிறது. பதினெட்டு வருஷ அனுபவமாம், அனுபவம்.

மகள் நிராகரிப்புச் சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, பிலிம் பழுதுன்னு எழுதிடட்டுமா?”

என் மானத்துக்காக இவள் பொய் எழுதுவதா? அதுவும் முதல் மாதமே?

“பிலிம் என்னம்மா பாவம் பண்ணுச்சு? உள்ளதை எழுது.”

எழுதினாள்: ‘படமெடுத்தவரின் கவனக்குறைவு. முழுவதும் மறுபடி எடுக்கவும்.’ ‘முழுவதும்’ என்பதற்கு அடியில் கோடு வேறு. கோடு தேவையா? — தேவைதான். வீடு வரும்வரை எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

மார்ச் 7, வியாழன்
மறுபடி முதல் பக்கத்திலிருந்து. அவளே வந்து பக்கம் புரட்டினாள்.

“கையை எடுங்கப்பா.”

“எடுத்துட்டேன்.”

“அப்ப அந்தக் கட்டைவிரல் யாருது?”

340 பக்கம். முதுகு தனியாகக் கழன்று வீட்டுக்கு வந்தது.

மார்ச் 8, வெள்ளி
பன்னிரண்டரைக்கு முடித்தோம். கழுவி வர மூன்றேகால். நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டாள்.

அகழாய்வாளரின் மகன் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். வாட்சைப் பார்த்தபடியே நின்றார். “ஒரு நிமிஷம் பாருங்க சார்” என்று மகள் சுருளை மாட்டி ஓட்டினாள். நோட்டில் எறும்பு மாதிரி இருந்த எழுத்து, திரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. நாலாம் குழியின் அளவுகளுக்குக் கீழே இரண்டு வரி: ‘மழை. தோண்டவில்லை. பையனுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம், வீட்டிலிருந்து கடிதம். பார்க்க ஆசையாக இருக்கிறது.’

அவர் வாட்சைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

“பொடி எழுத்துன்னு நான் பிரிச்சுக்கூடப் பார்த்ததில்ல” என்றார். “இன்னும் இருக்குமா? ஓட்டுங்களேன்.”

ஐந்தரை வரை ஓட்டினோம். மூன்று இடத்தில் பையன் வந்தான்.

மார்ச் 11, திங்கள்
ஐந்தாம் நோட்டுக்கு மகள் கேட்லாக் அட்டை எழுதியிருந்தாள். பொருள் தலைப்பு: நாலாம் குழி, பானை ஓடு, மழை, மகன்.

“மகன்னு ஒரு தலைப்பு நம்ம பட்டியல்ல இல்லையே, மேடம்” என்றேன்.

“சேர்த்தாச்சுப்பா” என்றாள், நிமிராமலே.