பதினேழு முகவரிகள்

அப்பா,

இதில் எதையும் கூட்டாமல், எதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். எனக்குப் பாதகமானதையும் சேர்த்தே எழுதுவேன்.

என் நோட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளை டேப் துண்டு ஒட்டியிருக்கிறது. மில்லில் எடைமேடைக் கம்ப்யூட்டர்மேல் நீங்கள் ஒட்டியது. பஞ்சுத் தூசியைத் துடைத்தபோது கையோடு வந்துவிட்டது. அதில் நீல மையில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி எண். நான்கை நீங்கள் எப்போதும் நாற்காலியைக் கவிழ்த்துப்போட்ட மாதிரிதான் எழுதுவீர்கள்.

நீங்கள் கண்மூடி மூன்று மாதம் ஆகிறது. மில்லின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் வேலையை அம்மாவுக்குத் தந்தது மேனேஜர் அண்ணாச்சிதான். "இப்பம்லாம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்க அந்த ஏஜெண்டுகிட்ட டைப் அடிச்சாப் போதும்மா, அதுவே செஞ்சிருது. வா, பாத்துக்கிடலாம்" என்றார். அம்மாவுக்கு ஸ்கிரீனைப் பார்த்தாலே பயம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் மில்லுக்குப் போவேன். உங்கள் அறையில் உட்கார்ந்து படிப்பதாகப் பெயர். உண்மையில் அம்மாவின் வேலையை நான்தான் செய்துகொண்டிருந்தேன்.

போன அரையாண்டு லீவில் அதே அறையில், ஏசிக்காகவே வந்து கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறதா? மில்லின் எந்தக் கம்ப்யூட்டர் இண்டர்நெட்டுக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று ஃபயர்வால்தான் முடிவுசெய்யும் என்றீர்கள். போகலாம் என்று விட்டவற்றின் முகவரிகளெல்லாம் ஒரே குழுவாக அதில் இருக்கும். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் நீங்கள் ஏஜெண்டிடம், "அண்ணாச்சி, உள்ள யாரு யாரு இருக்காவ? வாசிச்சுக் காட்டும்" என்று டைப் செய்வீர்கள். அது காட்டும் எண்களைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான், இத்தனையோடு இதையும் சேர் என்பீர்கள்.

நான் சிரித்தேன். "மிஷினுக்கு எதுக்குப்பா மரியாதை?"

"மரியாதை வாய்க்குத்தாம்ட்டி. நம்பிக்கை கண்ணுக்கு."

அந்தப் பேச்சை ரசித்தேன். கற்றுக்கொள்ளவில்லை.

புதன்கிழமை குடோனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதன் முகவரியைக் குழுவில் போடச் சொன்னார்கள். மறுநாள் எனக்கு வேதியியல் தேர்வு. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே அந்த ஒரு முகவரியை மட்டும் டைப் செய்தேன். ஏஜெண்டு எழுதியது: 'இப்போது குழுவில் 17 முகவரிகள். மாற்றியபின் 1. செய்யலாமா?' அம்மா என்னைப் பார்த்தாள். நான் படிக்காமலே 'ஆம்' கொடுத்தேன்.

குழுவைப் புதுப்பித்தால் ஃபயர்வால் பழைய பட்டியலோடு சேர்த்துக்கொள்ளாது, அப்பா. கொடுத்த பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் துரத்திவிடும். அதற்காகத்தான் நீங்கள் ஒவ்வொரு முறையும் வாசித்தீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பழைய பட்டியலைக் கேட்டேன். 'என்னிடம் இல்லை, மன்னிக்கவும்' என்றது. நீங்கள் எடுத்துவைத்த நகல் உங்கள் பாஸ்வேர்டுக்குள் இருக்கிறது.

வாசலில் நூல் ஏற்றிய மூன்று லாரிகள் நின்றன. பில் அடிக்கும் கம்ப்யூட்டருக்கு வெளி உலகமே இல்லை. பில்லை இண்டர்நெட்டில்தான் எடுக்க வேண்டும்; அது இல்லாமல் லாரி நகராது. ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை விட்டு, "ஏ யம்மா, பில்லு இந்தத் தீவாளிக்கு வருமா, அடுத்த தீவாளிக்கா?" என்றார். அம்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மில் முழுக்க ஓடினேன். எடைமேடை, ஆபீஸ், பஞ்சு பறக்கும் நூற்புக்கூடம், வருகைப் பதிவு மெஷின். ஒவ்வொன்றிலும் நீங்கள் ஒட்டிய டேப் இருந்தது. குனிந்து, தூசி துடைத்து, உங்கள் எழுத்தைப் படித்து எழுதினேன். பதினேழும் கிடைக்க இரண்டரை மணி நேரம் ஆனது. லாரிகள் கிளம்பின. ஆனால் தூத்துக்குடியில் கப்பலுக்கான நேரம் முடிந்திருந்தது.

"யாரு அமுக்குனது?" என்று கேட்டார் மேனேஜர் அண்ணாச்சி.

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் அம்மா.

நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

"தப்பா எடுத்துக்கிடாதம்மா. அடுத்த மாசத்துல இருந்து இந்த வேலைய மதுரைக் கம்பெனிக்காரங்ககிட்ட விட்டுருதேன்."

மறுநாள் வேதியியல் தேர்வில் என்ன எழுதினேன் என்றே தெரியவில்லை. பள்ளியிலிருந்து நேரே அவர் அறைக்குப் போய், நான்தான் செய்தேன், அம்மா இல்லை என்றேன். பொய்யைத் திருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பம் இத்தன நாளும் வேலை பாத்தது நீயா?"

ஆமாம் என்றேன். உண்மை என்று ஆரம்பித்தபின் பாதியில் எப்படி நிறுத்துவது?

"திங்கக்கிழமை ஒங்க அம்மை என் முன்னால ஒத்தையில செய்யட்டும். அன்னைக்கு நீ கேட்டுக்குள்ள வரக்கூடாது. செய்யலேன்னா அன்னைக்கே நின்னுக்கிடட்டும்."

அம்மா என்னை அடிக்கவில்லை. "சொல்லாம இருந்திருந்தா இந்த மாசக் கடைசி வரைக்குமாவது இருந்திருப்பேன்ட்டி" என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரி ஒரு வாய் சாப்பிடவில்லை.

இன்று ஞாயிறு. காலையிலிருந்து நான்தான் ஏஜெண்டு. எதிரே உட்கார்ந்து அம்மா கட்டளை சொல்லுவாள், நான் பதில் சொல்லுவேன். முதல் இரண்டு முறையும் நான் 'செய்யலாமா?' என்றதும் 'செய்' என்றுவிட்டாள். இரண்டு முறையும் மில் நின்றது. மூன்றாம் முறை நெற்றியைச் சுருக்கி, "பொறு. உள்ள யாரு யாரு இருக்காவ? வாசி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் குரலே அதில் இருந்தது.

வாசித்தேன். சோதிப்பதற்காக, எடைமேடையை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அம்மா கடைசிவரை கவனமாகக் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

"சரி. செய்" என்றாள்.

நான் வாசித்தது பதினாறுதான். அந்தப் பதினேழும் எனக்கு மனப்பாடம், அப்பா. பேருந்தில், குளிக்கும்போது, தமிழ் வகுப்பில் கூட ஓடிக்கொண்டே இருக்கின்றன. நாளைக்கு அவற்றை வைத்துக்கொண்டு நான் கேட்டுக்கு வெளியேதான் நிற்பேன். அம்மாவை எழுப்பி இன்னும் ஒரு முறை என்று கேட்கவா, தூங்கவிடவா, தெரியவில்லை. "போதும்ட்டி, தலை சுத்துது" என்று சற்றுமுன் படுத்தபடியே கையை நீட்டி அவளே தன் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டாள்.