சுற்றிப் போன வழி

இன்று காலை ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி. அட்டன் பாதையில் மண் சரிந்து, பஸ்கள் ‘சர்க்யூட்டஸ்’ வழியாகப் போகின்றனவாம். அந்த வார்த்தையைக் கண்டதும் தேநீரை வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீசில் நாம் இருவரும் கிளாக்கர்களாக இருந்தபோதுதான் அது நமக்கு அறிமுகம். தொழிலாளர் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்பதைச் சொல்ல நீ துரைக்கு மூன்று பக்கம் எழுதினாய். மழையின் பெருமையே முதல் பக்கம் முழுக்க. துரை ஓரத்தில் அந்த ஒரே வார்த்தையை எழுதித் திருப்பி அனுப்பினார். அகராதியைப் புரட்டிவிட்டு நீ சிரித்தாய்.

“சுத்தி வளைச்சுங்கிறாருப்பா. பாதைக்குச் சொல்லலாம், பேச்சுக்குச் சொல்லலாம். ஆளுக்குச் சொல்றதில்ல.”

அதன் பிறகு எதிர் மலைக்கு ஏழு மைல் சுற்றும் நம் பஸ்ஸுக்கு அதுவே பெயராகிவிட்டது. கல்யாணம் பேச வந்து விளைச்சலை விசாரிப்பவர்களின் பேச்சுக்கும் அதையே சொன்னோம்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு உன் ஊரான கந்தப்பளையிலிருந்து உனக்குத் தந்தி வந்தது. ‘மதர் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி.’ நம் பக்கத்தில் சாவை யார் நேராகத் தந்தியில் போடுகிறார்கள்? சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது என்றுதான் பொருள். நான் வாசித்துவிட்டு உன் தோளில் கை வைத்தேன். நீ பேனாவை மூடிவிட்டு எழுந்தாய்.

பத்தரை பஸ் வாசலிலேயே நின்றது. நான்தான் உன்னைத் தடுத்தேன். “இனி அவசரப்பட்டு என்னப்பா ஆகப்போகுது? தங்கச்சியையும் கூட்டிக்கிட்டே போயிருவோம்.” டயகமவுக்கு ஆளனுப்பி, உன் தங்கை வரட்டும் என்று தலவாக்கலையில் நான்கு மணிவரை காத்திருந்தோம். அங்கேயே மாலையும் வாங்கினோம்.

கந்தப்பளையில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. தந்தி அடித்த கடைக்கார நானா எதிரே வந்தார். மாலையைப் பார்த்து, நமக்கு எப்படி முன்பே தெரிந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

“மூணு மணிக்குத்தான் தம்பி உசுரு போச்சு. அதுவரைக்கும் உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.”

“சீரியஸ்னு போட்டிருந்தீங்களே நானா...”

“ஆமா, சீரியஸா இருந்தாங்க. அதத்தானே போட்டேன்.”

நீ என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பிறகு பல வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். அந்தப் பேச்சை மட்டும் நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து நீ எனக்கு அடித்த தந்தி இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. ‘டையிங். கம் டுடே.’ முதல் பஸ்ஸிலேயே வந்தேன். இரண்டு மணி நேரம் கிடைத்தது. அன்று உன்னைத் தடுத்ததற்கு, ‘சர்க்யூட்டஸ்’ ஆள் நான்தான் என்று சொல்லி, அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: “நான் அன்னைக்கே சொன்னேனேப்பா, அத ஆளுக்குச் சொல்றதில்லன்னு.”

உன் தங்கைக்குத் தந்தி கொடுக்கப் போனபோது தபால் கந்தோர்க்காரர் பென்சிலை எடுத்துக்கொண்டு, “சீரியஸ்னு போட்டுருவோமா?” என்றார்.

“வேணாங்க. அண்ணன் இறந்துட்டாருன்னே போடுங்க.”

அவள் வந்து இறங்கியபோது முகம் வீங்கியிருந்தது, கண் காய்ந்திருந்தது. உன் தலைமாட்டில் உட்கார்ந்து, உன் முடியை ஒதுக்கிவிட்டு, என்னிடம் சொன்னாள்:

“நேராச் சொல்லிட்டீங்கண்ணே. வழியெல்லாம் அழுதுட்டேன். இப்ப என்னால அண்ணன் மொகத்தப் பாக்க முடியுது.”